தட்டியவருக்கு மட்டும் திறந்த கதவு

நான்கு பக்கக் கடிதம். எழுதியவர் ஒரு கல்லூரியின் மாணவர் ஆதரவு மையத்தில் 11 ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். அதற்கு முன் கணித ஆசிரியை. பாடத்தில் பின்தங்கியவர்கள், வருகைப்பதிவு குறைந்தவர்கள், கட்டணம் கட்ட வழியில்லாதவர்கள், படிப்பையே விட்டுவிடலாமா என்று தவிப்பவர்கள் எல்லோரும் இவருடைய மேசைக்குத்தான் வருகிறார்கள். பொறுப்பில் 420 மாணவர்கள், பார்ப்பதற்கு இவர் ஒருவர். அடையாளம் தெரியக்கூடியவற்றை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் சொல்கிறேன்.

சென்ற பருவத்தில் ஒரு மாணவனுக்காக இவர் நிறையவே மெனக்கெட்டிருக்கிறார். அவன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, பையன் இரவு வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறான். ஆசிரியர்களிடம் பேசி அசைன்மென்ட்டுகளுக்குக் கூடுதல் அவகாசம் வாங்கிக் கொடுத்தார். வாரா வாரம் கூப்பிட்டுப் பேசினார். இரவு ஒரு மணிக்கு அழைத்தாலும் போனை எடுத்தார். தேர்வுக் கட்டணத்தைத் தன் கைப்பணத்திலிருந்து கட்டினார். தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பையன் வருவதை நிறுத்திவிட்டான். இப்போது போனும் எடுப்பதில்லை.

அதே சமயத்தில் ஒரு மாணவி வந்து கேட்டிருக்கிறாள்: "அவனுக்கு மட்டும் ஏன் மேடம்? எனக்கும்தான் கஷ்டம் இருக்கு. நான் அழுதுக்கிட்டு வந்து நிக்கல, அவ்வளவுதானே?" உடன் வேலை செய்கிற ஒருவர், "அவங்களுக்கு வேண்டப்பட்ட பிள்ளைகள்னு ஒரு லிஸ்ட் இருக்கு" என்று முதுகுக்குப் பின்னால் பேசுகிறார். நிர்வாகமோ, "கொஞ்சம் தள்ளிவிட்டால் பாஸ் ஆகிறவர்களைப் பாருங்கள், தேறாத கேஸ்கள் மேல் நேரத்தைக் கொட்டாதீர்கள்" என்கிறது. தேறிப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இந்த வேலைக்கு என்ன அர்த்தம் என்றும் கேட்கிறார். கடிதம் இப்படி முடிகிறது: "எல்லோருக்கும் சமமாக அரைமணி நேரம் என்று வைத்துவிட்டால் பழியாவது வராது. இல்லையென்றால் வேலையை விட்டுவிட்டு மறுபடியும் வகுப்புக்கே போய்விடவா? நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையோ என்று தோன்றுகிறது."

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் அந்தப் பையன் இரண்டு பக்கத்துக்கு வருகிறான், அந்த மாணவி நான்கு வரிக்கு. நான் நான்கு வரியிலிருந்து தொடங்குகிறேன்.

"நான் அழுதுக்கிட்டு வந்து நிக்கல." இதை நீங்கள் குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டு பல நாள் தூங்காமல் இருந்திருக்கிறீர்கள். எனக்கு அது ஒரு தகவலாகப் படுகிறது. உங்கள் அலுவலகத்தில் உதவி எப்படிப் பங்கிடப்படுகிறது என்று வெளியில் இருந்து பார்க்கிற ஒருத்தி சொல்லியிருக்கிறாள்: வருகிறவருக்குக் கிடைக்கும், வாய்விட்டுச் சொல்கிறவருக்குக் கிடைக்கும், அழுகிறவருக்குக் கூடுதலாகக் கிடைக்கும். நீங்கள் ஓரவஞ்சனை செய்தீர்கள் என்று நான் நினைக்கவில்லை. கதவைத் தட்டத் தெரிந்தவர்களுக்குக் கதவைத் திறந்தீர்கள். தட்டத் தெரிவதே எல்லோருக்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

சமூகவியலாளர் ஆன்டனி ஜாக், அமெரிக்காவின் உயர்தரப் பல்கலைக்கழகம் ஒன்றில் படிக்கும் வசதி குறைந்த மாணவர்களைப் பல ஆண்டுகள் கவனித்து எழுதியவர். அவர்களுக்குள்ளேயே இரண்டு வகை இருப்பதை அவர் கண்டார். உதவித்தொகையில் வசதியான தனியார் பள்ளிகளில் படித்துவிட்டு வந்தவர்கள், பேராசிரியரின் அறைக்குப் போய் உட்கார்ந்து பேசுவதைச் சாதாரணமாகச் செய்தார்கள். சாதாரண அரசுப் பள்ளிகளிலிருந்து வந்தவர்களோ, அப்படிப் போவதைக் காக்கா பிடிப்பதாக நினைத்து ஒதுங்கினார்கள். இரு தரப்பும் ஏழைகள்தான். ஆசிரியரைச் சந்திக்கும் நேரம் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது, அந்த நேரம் எதற்கு என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

அந்த மாணவி உங்களிடம் வந்து சண்டை போட்டாளே, அவளாவது வந்தாள். மீதிப் பேர்?

அரைமணி நேரச் சமத்துவம்

நீங்கள் கணக்கு டீச்சர். போட்டுப் பாருங்கள். 420 பேருக்கு அரைமணி என்றால் 210 மணி நேரம். வாரம் 40 மணி நேரம் வேறு எந்த வேலையும் பார்க்காமல் உட்கார்ந்தால் ஐந்து வாரத்துக்கு மேல் ஆகும். ஒரு பருவத்தில் ஒருவரை இரண்டு முறை பார்த்து மூன்றாவது முறை பார்ப்பதற்குள் தேர்வு வந்துவிடும். நன்றாகப் படிக்கிற 200 பேர் அந்த அரைமணியில் மரியாதைக்கு உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். விலகிப் போகிற நிலையில் இருப்பவனுக்கும் அதே அரைமணிதான். பழி வராது என்பது உண்மை. ஏனென்றால் அதில் நீங்கள் எதையும் முடிவு செய்யவில்லை.

அதற்காக, "யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கு அதிகம்" என்று சொல்லிவிட்டு உங்கள் மனம் போனபடி கொடுக்கலாம் என்றும் ஆகாது. தமக்குப் பாதகமான முடிவைக்கூட மக்கள் எப்போது நியாயம் என்று ஏற்கிறார்கள் என்பதை 1970-களிலிருந்தே உளவியலாளர்கள் ஆராய்ந்து வருகிறார்கள். ஜெரால்ட் லெவந்தால் 1980-இல் தொகுத்துச் சொன்னவற்றில் மூன்று உங்களுக்குப் போதும்: ஒரே விதி எல்லோருக்கும் பொருந்த வேண்டும், சம்பந்தப்பட்டவர் தன் பக்கத்தைச் சொல்ல இடம் வேண்டும், தப்பு நடந்தால் திருத்த வழி வேண்டும். கிடைத்த பங்கின் அளவு ஒன்றை வைத்து மனிதர்கள் நியாயத்தை எடை போடுவதில்லை.

இந்த அளவுகோலில் பார்த்தால் அந்த மாணவியின் புகாரில் பாதி சரி. வாரா வாரம் அவனிடம் பேசியது உங்கள் விருப்பம், உங்கள் கணிப்பு. அதில் தவறில்லை. ஆனால் அசைன்மென்ட்டுக்கு அவகாசம் நீட்டியது வேறு விஷயம். அது மதிப்பெண்ணைத் தொடுகிறது. இரவு வேலைக்குப் போகிறவனுக்கு இரண்டு வாரம் கூடக் கிடைக்கும் என்றால், அதே நிலைமையில் இருக்கிற யார் கேட்டாலும் கிடைக்கும் என்று எழுதி ஒட்டியிருக்க வேண்டும். நீங்கள் ஆசிரியர் அறைக்குப் போய்ப் பேசியதால் கிடைத்தது என்றால் அது சலுகை. துறைத்தலைவர்களோடு உட்கார்ந்து இந்த ஒன்றை மட்டும் விதியாக்குங்கள். எந்தெந்தக் காரணத்துக்கு அவகாசம், எத்தனை நாள், யாரிடம் கேட்பது என்று அரைப் பக்கம் போதும். முதுகுக்குப் பின்னால் பேசுகிற அந்தச் சகாவுக்கும் அந்த அரைப் பக்கமே பதில். அவரோடு வேறு மல்லுக்கட்ட வேண்டாம்.

வராதவர்களின் பட்டியல்

உங்கள் துறையிலேயே ஒரு கதை இருக்கிறது. யூரி டிரைஸ்மன் என்ற கணிதவியலாளர் 1970-களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நுண்கணித வகுப்பில் கறுப்பின மாணவர்கள் ஏன் அதிகமாகத் தோற்கிறார்கள் என்று கேட்டார். ஆசிரியர்கள் சொன்ன காரணங்கள் உங்களுக்குப் பழகியவையாகவே இருக்கும்: ஊக்கம் போதாது, பள்ளியில் அடித்தளம் சரியில்லை, வீட்டில் ஆதரவில்லை. டிரைஸ்மன் மாணவர்களோடு கூடவே இருந்து பார்த்தார். இந்தக் காரணங்கள் எதுவும் பொருந்தவில்லை. தோற்றவர்கள் கடுமையாக உழைத்தார்கள், ஆனால் தனியாக உழைத்தார்கள். நன்றாகச் செய்துகொண்டிருந்த சீன அமெரிக்க மாணவர்கள் தனியாகப் படித்த பிறகு ஒன்றுகூடி விடைகளை ஒப்பிட்டார்கள், ஒருவர் தப்பை மற்றவர் பிடித்தார்கள். சக மாணவர்களுக்கும் இந்தக் கணக்கு வரவில்லை என்பதுகூட, தனியாகப் படித்தவர்களுக்குத் தெரியாது.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. பலவீனமானவர்களுக்கான சிறப்பு வகுப்பு என்று அவர் பெயர் வைக்கவில்லை. வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, சேர்ந்து போடும் பட்டறை என்று அழைத்தார். வந்தார்கள், மதிப்பெண்களும் ஏறின. "பின்தங்கியவர்கள் இங்கே வரவும்" என்று பலகை மாட்டினால், சுயமரியாதை உள்ளவன் அந்தப் பக்கமே வரமாட்டான். உங்கள் மையத்தின் வாசலில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை வெளியே போய் நின்று படித்துப் பாருங்கள்.

ஆக, நீங்கள் மாற்ற வேண்டியது ஒருவருக்கு எத்தனை நிமிடம் என்பதை அல்ல. யார் முதலில் என்பதை முடிவு செய்கிற முறையை மாற்றுங்கள். இப்போது அதை முடிவு செய்வது அவர்களுடைய தைரியம். இனி உங்களிடமுள்ள பதிவேடுகள் முடிவு செய்யட்டும். தொடர்ந்து இரண்டு வாரம் வராதவர், முதல் உள்தேர்வில் இரண்டு தாள்களில் தவறியவர், அடுத்த பருவத்துக்குப் பதிவு செய்யாதவர் என்று மூன்று அடையாளங்கள் போதும். ஒவ்வொரு வாரமும் அந்தப் பட்டியலில் இருப்பவர்களை நீங்களே அழையுங்கள். வாசலில் காத்திருப்பவர்களுக்கு வாரத்தில் பாதி நேரம், இந்தப் பட்டியலுக்குப் பாதி நேரம். இந்த விதியை யாரிடமும் சத்தமாகச் சொல்லலாம், அந்த மாணவியிடம்கூட.

ஒரு பையன் போனது எதைக் காட்டுகிறது?

"இவ்வளவு செய்தும் போய்விட்டான், அப்படியென்றால் நான் தோற்றுவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கேதான் உங்கள் கணக்கு தப்பு.

எரிக் பெட்டிங்கர், ரேச்சல் பேக்கர் என்ற இரு ஆய்வாளர்கள், அமெரிக்காவில் 13,000-க்கும் மேற்பட்ட மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்யப்பட்ட ஒரு பரிசோதனையை ஆராய்ந்தார்கள். ஒரு பகுதியினருக்குப் பயிற்சியாளர்கள் தாங்களாகவே தொடர்ந்து போன் செய்து பேசினார்கள். மற்றவர்களுக்கு அது இல்லை. ஒரு வருடம் கழித்து, போன் வந்தவர்களில் படிப்பைத் தொடர்ந்தவர்கள் சுமார் 5 சதவீதப் புள்ளிகள் அதிகம். அழைப்புகள் நின்ற பிறகும் அந்த வித்தியாசம் முழுதாக மறையவில்லை. கல்வி உலகில் இதை நல்ல பலன் என்று கொண்டாடுகிறார்கள், கொண்டாட வேண்டியதுதான்.

ஆனால் அதன் பொருளைக் கொஞ்சம் யோசியுங்கள். நூறு பேரிடம் பேசினால் கூடுதலாகத் தங்குவது ஐந்து பேர். மற்றவர்கள் நீங்கள் பேசாவிட்டாலும் இருந்திருப்பார்கள், அல்லது பேசியும் போயிருப்பார்கள். அந்த ஐந்து பேர் யார் என்று உங்களுக்குத் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. "அந்தச் செவ்வாய்க்கிழமை மேடம் போன் செய்யாவிட்டால் நான் போயிருப்பேன்" என்பது யாருக்கும் முழுசாகத் தெரிய வருகிற விஷயம் இல்லை. அப்படியிருக்க யார் வந்து நன்றி சொல்வது? நான் ஆலோசகராகச் சேர்ந்த புதிதில், திரும்ப வந்து கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னவர்களை ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். மூன்று வருடத்தில் ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை. அந்த நோட்டுதான் என்னை வேலையை விடும் அளவுக்குக் கொண்டுபோனது.

இன்னொன்று. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் இரண்டு வருடப் படிப்பு மாணவர்களுக்கு ஒரு திட்டம் தொடங்கியது. ஓர் ஆலோசகருக்கு 60 முதல் 80 மாணவர்கள்தான், வழக்கமான முறையில் பல நூறு. அதோடு பயணச் செலவு, பாடப்புத்தகம், கட்டணத்தில் விடுபட்ட தொகை எல்லாம் கொடுத்தார்கள். மூன்றாண்டில் பட்டம் பெற்றவர்கள் 22 சதவீதத்திலிருந்து 40 சதவீதமானார்கள், கிட்டத்தட்ட இரு மடங்கு. இதுவும் குலுக்கல் முறையில் சோதிக்கப்பட்டது. இதில் உங்களுக்கு இரண்டு செய்தி இருக்கிறது. ஒன்று, 420 பேரை ஒருவர் பார்ப்பது உங்கள் அக்கறையால் சரிசெய்யக்கூடிய குறை இல்லை. இரண்டாவது, இவ்வளவு கொட்டிக் கொடுத்தும் நூற்றில் 60 பேர் அந்த மூன்றாண்டில் முடிக்கவில்லை. அந்த ஆலோசகர்கள் யாரும் லாயக்கற்றவர்கள் இல்லை.

வேலைச் சோர்வை ஆராய்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும் அதற்கு ஆறு வேர்களைச் சொல்கிறார்கள்: வேலைப்பளு, கையில் அதிகாரம் இல்லாமை, அங்கீகாரம் இல்லாமை, உடன் இருப்பவர்களோடு உறவு, நியாயமின்மை, மதிப்பீடுகளின் மோதல். உங்கள் கடிதத்தை எடுத்து ஓரத்தில் குறித்துக்கொண்டே வந்தேன். ஆறும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் இதை வேலையோடு தொடர்புள்ள நிலை என்றுதான் வரையறுத்தது. உங்களுடைய சுபாவத்தில் இருக்கிற ஓட்டையாக இதைப் பார்க்காதீர்கள்.

தேர்ச்சி விகிதத்தில் காணாமல் போனவர்கள்

நிர்வாகத்தின் பேச்சு உங்களுக்குக் கசப்பாக இருக்கிறது. முழுக்கத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். கையில் நேரம் குறைவு என்றால் யாரை முதலில் என்ற கேள்வி வந்தே தீரும். விளிம்பில் நிற்கிற பிள்ளைகளும் பிள்ளைகள்தான். ஆனால் வேலை மலையாகக் குவியும்போது, அலுவலகத்தின் அளவுகோலில் எளிதாக வெற்றி காட்டக்கூடியவர்களையே பொறுக்கி எடுக்கும் பழக்கம் வரும் என்று மைக்கேல் லிப்ஸ்கி என்ற அரசியல் அறிஞர் 1980-இலேயே எழுதிவிட்டார். மேலிடத்தில் கெட்டவர்கள் இருந்தால்தான் அது நடக்கும் என்றில்லை, தப்பான எண் இருந்தாலே போதும்.

ஆகவே எண்ணைப் பற்றிப் பேசுங்கள். உங்கள் கல்லூரி தேர்ச்சி விகிதத்தை எப்படிப் போடுகிறது? தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்றா, முதல் ஆண்டில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் என்றா? முதலாவது என்றால், நீங்கள் நினைத்து அழுதுகொண்டிருக்கிற அந்தப் பையன் அந்தக் கணக்கில் தோற்றவனாகக்கூட இல்லை. தேர்வுக்கு முன்பே போனவன் வகுக்கும் எண்ணிலிருந்தே அழிந்துவிடுகிறான், விகிதம் ஒரு துளி ஏறவும் செய்கிறது. அடுத்த கூட்டத்துக்கு ஒரே ஒரு தாள் எடுத்துப் போங்கள்: மூன்று வருடத்துக்கு முன் சேர்ந்தவர்கள் இத்தனை, இன்று இருப்பவர்கள் இத்தனை, இடையில் போனவர்கள் எந்த மாதத்தில் போனார்கள். குறை சொல்லும் தொனி வேண்டாம். போகிற ஒவ்வொருவரோடும் அடுத்தடுத்த வருடங்களின் கட்டணமும் போகிறது என்பது நிர்வாகத்துக்குப் புரியாத மொழி இல்லை. அந்தத் தாளோடு, உங்கள் பொறுப்பு என்ன, எத்தனை மாணவர்கள்வரை என்பதை எழுத்தில் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

பணமும் நள்ளிரவுப் போனும்

இரண்டையும் நிறுத்துங்கள். கட்டணம் கட்டிய நாளிலிருந்து நீங்கள் அவனுக்குக் கடன் கொடுத்தவர் ஆகிவிட்டீர்கள். நீங்கள் திருப்பிக் கேட்கமாட்டீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியுமா? படிப்பை விட முடிவு செய்தவன் உங்கள் முகத்தில் எப்படி விழிப்பான்? அவன் போன் எடுக்காததற்கு அந்தப் பணமே ஒரு காரணமாக இருக்கலாம்.

தேவை நிஜம்தான், அதைத் தீர்க்க வேண்டியது கல்லூரி. ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தில், சிறு பாக்கித் தொகைக்காகப் பெயர் நீக்கப்படும் நிலையில் இருக்கிற மாணவர்களைப் பல்கலைக்கழகமே தன் கணக்குகளில் தேடிக் கண்டுபிடித்து அந்தச் சிறு தொகையைத் தீர்த்துவிடுகிறது. மாணவன் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. பாருங்கள், இங்கேயும் தட்டாமலே கதவு திறக்கிறது. பழைய மாணவர்களிடம் திரட்டி, ஒரு குழு முடிவு செய்கிற சிறு நிதியாக இதைக் கொண்டுவர முயலுங்கள்.

இரவு அழைப்புக்கு ஒரு நேரம் குறித்து, எல்லோருக்கும் அறிவியுங்கள். அதற்குப் பிறகு வரும் அவசரத்துக்கு யாரை அழைப்பது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு மாணவர் உயிரை விடும் எண்ணத்தைச் சொன்னால் மட்டும் ரகசியக்காப்பு கிடையாது. உடனே பயிற்சி பெற்ற மனநல ஆலோசகரிடமோ அவசர உதவிக்கோ கொண்டுசேர்க்க வேண்டும். அதைத் தனி ஆளாகச் சுமக்க நீங்கள் பயிற்சி பெற்றவர் இல்லை.

விடலாமா?

இப்போது வேண்டாம் என்பேன். வகுப்புக்குப் போனாலும் கை தூக்காத பிள்ளைகள் கடைசி பெஞ்சில் இருக்கத்தான் போகிறார்கள். ஒரு பருவம் அந்தப் பட்டியல் முறையை நடத்திப் பாருங்கள். அவகாச விதி, எழுத்தில் பணிவிவரம், இன்னொரு ஆள் அல்லது குறைந்த எண்ணிக்கை, இந்த மூன்றையும் கேளுங்கள். ஒன்றுகூடக் கிடைக்காமல், விலகிப் போகிறவர்களைக் கைகழுவச் சொல்லி உத்தரவும் வந்தால், அப்போது விடுவது ஓடிப்போவது ஆகாது.

அர்த்தம் பற்றிக் கேட்டீர்கள். ஆடம் கிராண்ட் 2007-இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், ஒரு பல்கலைக்கழகத்துக்காகப் போனில் நன்கொடை கேட்கிற ஊழியர்கள், அந்தப் பணத்தில் படித்த ஒரே ஒரு மாணவரை ஐந்து நிமிடம் சந்தித்தார்கள். ஒரு மாதம் கழித்தும் அவர்கள் போனில் செலவிட்ட நேரம் இரு மடங்குக்கு மேல் கூடியிருந்தது. அதனால் பழைய மாணவர்கள் இரண்டு பேரைப் பருவத்துக்கு ஒருமுறை கூப்பிடுங்கள். புதியவர்களிடம் "நானும் முதல் வருடம் அரியர் வைத்தேன்" என்று அவர்கள் பேசட்டும். நீங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். இதற்கு நன்றிவிழா என்று பெயர் வைத்துவிடாதீர்கள், கெட்டுவிடும்.

பையனுக்கு ஒரு சிறு செய்தி அனுப்புங்கள். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம், ஏன் போனாய் என்றும் வேண்டாம். திரும்பிச் சேர வேண்டுமென்றால் என்ன படிவம், எந்தத் தேதிக்குள், யாரைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

மாணவியை இந்த வாரமே கூப்பிடுங்கள். அவன் விவரம் எதையும் அவளிடம் சொல்லக்கூடாது. "அவன் விஷயம் உன்னிடம் பேசமாட்டேன், உன் விஷயமும் யாரிடமும் பேசமாட்டேன். ஆனால் அவகாசத்தைப் பற்றி நீ கேட்டது சரி, அதை மாற்றப் போகிறோம்" என்று சொல்லுங்கள். அப்புறம் அவள் பேசட்டும். உங்கள் நான்கு பக்கக் கடிதத்தை நான் மூன்று முறை படித்துவிட்டேன். அவளுக்கு என்ன கஷ்டம் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.